நாலாவது கிளிப்

மேல் வீட்டு ஹருயோவை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஓசாகாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடியற்காலையிலிருந்து கோழி பொரிக்கிறவள். கணவர் இல்லை. ஒரே மகன் சுசுமு, முப்பத்து நாலு வயது. வேலை செய்த இடத்தில் ஏதோ அவமானப்பட்டு வந்தவன், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆனால் தினமும் மாலை நாலு மணிக்கு அந்தக் கதவு திறக்கும். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அசுகி இருந்ததே காரணம். அது ஒரு இமோரி. பல்லி மாதிரி உடம்பு, தண்ணீரில் வாசம், கரிய முதுகு, கரும்புள்ளி போட்ட சிவப்பு வயிறு. பன்னிரண்டு வயதில் வயல் வாய்க்காலில் சுசுமுவே பிடித்தது. இடுக்கியால் அவன் புழுவை நீட்டுவான், அது கவ்விக்கொள்ளும். பத்து நிமிஷம். பெற்றவள் மகன் முகத்தைப் பார்ப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். அதற்காகவே கடையிலிருந்து ஓடிவருவாள்.

இந்த ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. இமோரிக்குச் சூடு ஆகாது. கடை விடுமுறையன்று ஹருயோ தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, தண்ணீர்மேல் காற்றுப் படும்படி விசிறியை வைத்தாள். வலைக்கு நாலு மூலையிலும் கிளிப் மாட்ட வேண்டும். மூன்று மாட்டியபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் நாலாவதை மறந்துவிட்டாள். ஈரக் காலோடு கண்ணாடியில் ஏறுகிற பிராணிக்கு அந்த ஒரு மூலை போதும்.

மத்தியானம் என் கதவைத் தட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அசுகியைக் காணோம். நாலு மணிக்கு அவன் வருவான்."

ஒரு மணி நேரம் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை.

"ஸ்டேஷன் பக்கத்துக் கடையில இதே மாதிரி விக்கிறான். வாங்கிப் போட்டுடு. பூச்சியில என்ன அடையாளம் தெரியப் போகுது?" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாலு மணிக்குச் சுசுமு வந்து உட்கார்ந்தான். புது இமோரி கண்ணாடியில் ஏறி வயிற்றைக் காட்டியது. நமக்கு முகம் மாதிரி அதற்கு வயிற்றுப் புள்ளி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லையாம். இருபத்திரண்டு வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா? இடுக்கியைக் கீழே வைத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் நாலு மணிக்குக் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெளியே வைத்த சோற்று உருண்டை வைத்தபடியே காய்ந்தது. ஹருயோ வேலைக்குப் போகாமல் கதவடியிலேயே கிடந்தாள்.

"ஒரு வாய் சாப்பிடுப்பா. என்னைத் திட்டவாவது திட்டு."

நான் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சிடலாமா?"

"உடைச்சா அவன் அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டான்க்கா. உடைக்கலேன்னா செத்துடுவானோன்னு இருக்கு. நான் என்னதான் பண்றது?"

மூன்றாம் நாள், மறுபடி தேடிப் பார்க்கலாமென்று இரண்டு பேருமாக வாஷிங் மெஷினை இழுத்தோம். பின்னால், தூசியில், சுருண்டு காய்ந்து கிடந்தது அசுகி.

"காட்டாதே, தூக்கிப் போட்டுடு" என்றேன். நல்லவேளை, இந்த முறை அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. அதை ஒரு கைக்குட்டையில் கிடத்தி, அவன் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் கதவருகே நகர்த்தினாள்.

"சுசுமு, கிளிப்பை மாட்டாம விட்டது நான்தான். புதுசைப் போட்டு உன்னை ஏமாத்தப் பாத்ததும் நான்தான்."

யோசனை என்னுடையது என்று அவள் சொல்லவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அரை மணி கழித்துப் படியில் காலடிச் சத்தம். ஹருயோவின் நடை இல்லை. கதவைத் திறந்தேன். சுசுமு நின்றான். தாடி மண்டியிருந்தது, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. காலில் அவன் அப்பாவின் பழைய செருப்பு. கையில் கைக்குட்டை. இரண்டு படி மேலே ஹருயோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அத்தை, மண்ணு தோண்ட ஏதாச்சும் இருக்கா?"

சமையலறைக்கு ஓடினேன். கையில் அகப்பட்டது சோற்றுக் கரண்டி. அதைத்தான் கொடுத்தேன்.