கன்னடத்தில் திறந்த பக்கம்

2024 ஏப்ரல் 29, திங்கள்: விண்ணப்பக் கட்டணம் ரூ. 500.00
மே 28, செவ்வாய்: விரைவுத் தபால் ரூ. 41.30
ஜூன் 6, வியாழன்: விரைவுத் தபால் ரூ. 41.30

காரிமங்கலத்தில் கணினி மையம் நடத்தும் பானுமதிக்கு மே 27-ஆம் தேதியிலிருந்து சோறு இறங்கவில்லை. அன்று காலை பதினொன்றேகாலுக்குக் கண்ணம்மாள் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள்.

கண்ணம்மாள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்தவள். பெங்களூரிலும் கிளை உள்ள ஒரு தனியார் மருத்துவமனை கிருஷ்ணகிரியில் ஆள் எடுத்தது. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் ஒன்றரை வயது மகளிடம் திரும்பிவிடலாம். அந்த வேலைக்குத்தான் பானுமதி ஏப்ரல் 29 அன்று கடைக் கணினியில், இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தாள். கடிதமோ, ஜூன் 20 அன்று பெங்களூருக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னது.

“கிருஷ்ணகிரின்னு தானேக்கா சொன்னேன்? கொழந்தைய யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?”

பானுமதி அதே இணைய முகவரியைக் கைபேசியில் திறந்தாள். தமிழில் கிருஷ்ணகிரி வந்தது. கடைக் கணினியில் திறந்தாள். கன்னடத்தில் பெங்களூர் வந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கடைக்கு இணைப்புக் கொடுத்த அர்ச்சுனனைக் கூப்பிட்டாள்.

“கடை இங்க இருக்குதுங்க்கா. உங்க ஒயரு இன்டர்நெட்டுல தலைகாட்டறது பெங்களூர்ல. ஆளு எந்த ஊருன்னு பாத்துத்தான் அந்த சைட்டு பக்கத்தைக் காட்டும். உங்களுக்குக் கல்யாணம் ஆயி இங்க வந்தது அதுக்குத் தெரியாது போல.”

பானுமதி சிரிக்கவில்லை. அவள் பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லில் பிறந்து, பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள். தமிழ் மட்டும் தெரிந்தவளாக இருந்தால் அன்றே கை நின்றிருக்கும். இவளுக்கு இரண்டும் ஒன்றுபோல ஓடும். எந்த எழுத்து என்றுகூடப் பாராமல் நிரப்பிவிட்டாள். மறுபடி போடலாமென்றால், ஏற்கெனவே பதிவான கைபேசி எண் என்று தளம் தள்ளிவிட்டது.

மறுநாளே விண்ணப்பத்தை மாற்றக் கேட்டுப் பெங்களூருக்குக் கடிதம் அனுப்பினாள். பதில் இல்லை. வருமானச் சான்றுக்கு வந்தவரின் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 6 அன்று கண்ணம்மாளே வந்தாள்.

“நான் பெங்களூருக்கே போயிடறேன்க்கா. நீங்க மொதல்ல சோறு தின்னுங்க.”

திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

“போவாத. பொறு.”

இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து, தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, இம்முறை கிருஷ்ணகிரிக்கே அனுப்பினாள். பதின்மூன்று நாட்கள் ஆயின. கண்ணம்மாள் பெங்களூருக்குப் பையைக்கூடக் கட்டிவிட்டாள்.

விண்ணப்பம் கிருஷ்ணகிரிக்கு மாற்றப்பட்டது, 24-ஆம் தேதி நேர்காணல் என்ற கடிதம் அவள் கைக்கு வந்தது 2024 ஜூன் 19, புதன்.