கவிழ்த்து வைத்த கிளாஸ்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் கழுவும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று மகள் சொன்னாள்.

நாங்கள் குடியிருக்கும் பாபகூராவிலிருந்து ரயிலில் நகரத்துப் பக்கம் எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போவேன். வெளிநாட்டு வைன் எடுத்து விற்கும் சின்னக் கம்பனி அது. முதலாளி சேகர், தமிழ்நாட்டுக்காரர். வைன் ருசி பார்க்கும் அறையைத் துடைப்பதும் கிளாஸ் கழுவுவதும் என் வேலை. நான் வைன் குடிப்பதில்லை. கழுவிய கிளாஸை ஜன்னலோரம் பிடித்தால் வெளிச்சம் அதற்குள் வந்து அசையாமல் நிற்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன்.

"கிளாஸை எப்பவும் நிமிர்த்தியே வைங்கம்மா" என்று முதல் நாளே சேகர் சொல்லியிருந்தார். அப்படித்தான் வைத்தேன். பிறகு பக்கத்து அறையில் தச்சுவேலை நடந்தது. தூள் விழுமே என்று ஒரு வெள்ளிக்கிழமை அலுமாரித் தட்டில் பெட்டி அட்டையை விரித்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போனேன். சனி, ஞாயிறு முழுக்க மழை.

திங்கள் காலை போர்த்துக்கலில் இருந்து தெரேசா என்ற பெண் வந்தாள். கடற்கரையில் அவர்கள் குடும்பத்துத் திராட்சைத் தோட்டம். மூன்று போத்தல் வெள்ளை வைனைச் சூட்கேசில் உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இங்கே யாராவது அந்த வைனை வாங்க முன்வந்தால்தான் தகப்பன் நிலத்தை ஹோட்டல்காரருக்கு விற்கமாட்டாராம்.

சேகர் முதல் போத்தலை ஊற்றி மணந்து பார்த்தார். முகம் சுருங்கியது. இரண்டாவதும் அப்படியே.

"ரெண்டும் அவுட்டும்மா. கார்க் கெட்டுப்போய் நனைஞ்ச அட்டை மாதிரி அடிக்குது. பாவம், எப்படிச் சொல்றது?"

தெரேசா தமிழ் விளங்காமல் எங்கள் முகங்களைப் பார்த்தாள். அட்டை என்றதும் வெள்ளிக்கிழமை தட்டில் விரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. போத்தலின் வாயை மணந்தேன். தேசிக்காய்த் தோலின் புளிப்பு வாசம். அதற்குப் பின்னால் உப்புக் காற்று. வெறும் கிளாஸ் ஒன்றை எடுத்து மணந்தேன். மழையில் ஈரமேறிய பெட்டி அட்டை வாசம்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது.

"தம்பி, வைனில பிழையில்லை. பிழை என்னில. கிளாஸைக் கவிட்டு வச்சிட்டன்."

"நிமிர்த்தி வைங்கன்னு சொன்னேனே."

"ஓம். தூசி விழுமெண்டு..."

"தூசின்னா துடைச்சிடலாம். வாசனை உள்ள குடிவந்தா லேசுல காலி பண்ணாதும்மா."

சவுக்காரம் போட்டால் அந்த வாசமும் சேருமென்று கிளாஸ்களை வெறும் சுடுதண்ணீரில் கழுவினேன். சந்தேகமே வேண்டாமென்று சேகர் கடைசிப் போத்தலைத் திறந்து, மிச்ச மணமும் போக முதலில் கொஞ்சம் வைனை ஊற்றியே கிளாஸை அலசச் சொன்னார். பிறகு ஊற்றினார். பச்சை கலந்த வெளிர் மஞ்சள். மணந்தவர் கண்ணை மூடினார். குடித்தவர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். அறைக்குள் கடல் வந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

"எத்தனை பெட்டி தருவீங்க?" என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை மணந்து பாருங்கள். பிழை விட்டால் போத்தல் முடியுமுன் சொல்லிவிடுங்கள். வீட்டில் நான் இன்னும் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்; அங்கே தண்ணீர்தானே.

அந்தத் திராட்சையின் பெயர் அரிந்தோ என்று ஞாபகம். தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அட்டை விரித்தது நான்தான், அதில் திருத்த ஒன்றுமில்லை.