இருதயமேரியின் கறுப்புக் குடை

தென்னூர் இருதயமேரியைக் குடையில்லாமல் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் கறுப்புக் குடை அவளுக்கல்ல, மகள் ஷெர்லினுக்கு.

ஷெர்லின் கைக்குழந்தையாக இருந்தபோது, எல்லாத் தாய்மாரையும் போல அவளும் எண்ணெய் தேய்த்து, மொட்டைமாடியில் இளவெயிலில் படுக்க வைத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. "அழட்டும் விடு, எலும்பு கெட்டியாகும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவளும் விட்டாள். முகமெல்லாம் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தில்லை நகர் டாக்டரிடம் ஓடினாள். பரிசோதனைகள் முடிந்து அவர் சொன்னார்:

"வெயில் பட்டா யாருக்குமே தோல்ல டிஎன்ஏ கொஞ்சம் சேதமாகும்மா. அதைச் சரிபண்ண உடம்புல என்சைம் இருக்கு. உங்க பொண்ணுக்கு அதுல ஒண்ணு பிறவியிலேயே வேலை செய்யலை. இனி வெயிலே படக்கூடாது."

அன்றோடு வீட்டு ஜன்னல்கள் மூடின. ஸ்கூலுக்குக்கூடக் குடை, கையுறை, முகத்திரை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடப்பதுகூடப் பொழுது சாய்ந்த பிறகுதான்.

"பகல்ல இந்தத் தண்ணி என்ன கலர்ம்மா?"

"பாத்திரம் கழுவின தண்ணி மாதிரிதான்டி இருக்கும். பெரிசா ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுவாள் இருதயமேரி.

பதினாறாவது வயதில் தோல் புற்றுநோய் ஷெர்லினைக் கொண்டுபோனது.

அடக்கத்தன்று கோயில் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இருதயமேரி குடையை விரித்தாள். கணவர் பாக்கியநாதன் அவள் கையைப் பிடித்தார்.

"இனிமே எதுக்கு மேரி?"

"விடுங்க. அன்னைக்கு மாடியில அழுதப்பவே புடிச்சிருக்கணும்."