தசரதனின் மைக்கும் எழுந்து வராத இயந்திர மனிதனும்

“நீ படம் பாத்தியா, இல்ல என்னியே பாத்துகினு இருந்தியா?”

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் தசரதன் என்னிடம் இப்படிக் கேட்டார். ப்ளஸ் டூவில் தோற்று, ஒரு வேலையும் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூரில் நான் சுற்றிக்கொண்டிருந்த வருடம், 1991.

தசரதன் பகலில் அரிசி மில்லில் மூட்டை தூக்குவார். பிள்ளைப்பாக்கம் போகும் சாலையில் ஒரு டெண்ட் கொட்டகை இருந்தது. அங்கே இங்கிலீஷ் படம் ஓடும் சாயங்காலங்களில், திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மைக்கில் தமிழில் கதை சொல்வார். மதராஸில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்ததில் அவருக்கு அந்த பாஷை வந்திருந்தது. மில்லில் அவரை ‘டேய்’ என்று கூப்பிடும் மேஸ்திரி, கொட்டகையில் “அண்ணே, இப்ப இன்னா சொல்றான்?” என்று கேட்பார். அந்த ஸ்டூலில் மட்டும்தான் அவருக்கு மரியாதை. அவர் மனைவி லீலா பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் விடாமல் கேட்பார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு விண்வெளிப் படம் வந்தது. தண்ணீர் இல்லாத ஒரு கிரகம், அங்கே குடியேறியவர்களைக் காக்கும் ஓர் இயந்திர மனிதன். கடைசியில் இடியும் சுரங்கத்தின் வாசலைத் தோளில் தாங்கி எல்லோரையும் வெளியே அனுப்புவான். கடைசியாக ஒரு சின்னப் பெண் வெளியேறியதும் அப்படியே நின்றுபோவான். கொட்டகையே அழுதது. தசரதனுக்கு மனசு கேட்கவில்லை. “அழுவாதீங்கம்மா, அடுத்த பாகத்துல எழுந்து வருவான்” என்று மைக்கில் சொல்லிவிட்டார். படத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

ஊர் அதை நம்பிக் காத்திருந்தது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் விரட்டியதால் கொட்டகை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. திறந்ததும் முதலாளி நடேசன் கொண்டுவந்தது அந்த இரண்டாம் பாகத்தைத்தான்.

அதில் இயந்திர மனிதன் எழவே இல்லை. அந்தச் சின்னப் பெண் வளர்ந்து, அவனைத் துண்டு துண்டாக்கி, ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்கிறாள். சண்டையே கிடையாது.

முதல் நாள் பாதிப் படத்தில் நான்தான் ஆரம்பித்தேன். “யோவ் மைக்கு, ஆளு எங்கய்யா? தூங்குறானா?” கொட்டகை சிரித்தது. என் பேச்சுக்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. விடுவேனா? “பாலாச்சும் ஊத்தினீங்களா?” என்றேன். அப்புறம் தசரதன் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நடேசன் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “நாளைக்கும் இதே மாரி கூச்சல் வந்துச்சுன்னா, தசரதா, மைக்கை மறந்துடு.”

மறுநாள் காலைதான் டீக்கடையில் அவர் என்னிடம் படம் பார்த்தாயா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே சாயங்காலம் மறுபடி போனேன். பக்கத்தில் என்னோடு ஊர் சுற்றும் ஜோயலும் அவன் கூட்டமும். வாயைத் திறக்காமல் பார்த்தேன். முந்தின நாள் கண்ணில் படாதது எவ்வளவோ இருந்தது. அந்தப் பெண் தினமும் அவன்மேல் படிந்த துருவைத் துடைக்கிறாள். எழுவான் என்று அவளும் காத்திருந்தவள்தான். கிணறு வற்றி ஒரு குழந்தை சாகிற நாளில்தான் உளியை எடுக்கிறாள். முதல் அடி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அந்த இடத்தில் தசரதன் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, “இவன் எழுந்துக்க மாட்டான். அன்னிக்கு நீங்க அழுதீங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். இவளுக்கும் யாரோ அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்காங்க. இன்னிக்குத் தெரிஞ்சுகினா” என்றார்.

கொட்டகை அடங்கிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இது முதல் பாகத்தைவிட நல்ல படம் என்று தோன்றியது.

ஜோயல் பார்த்துவிட்டான். “டேய், இங்க பாருங்கடா! இனியவன் அழுவுறான்! மூக்கு சிந்த முந்தானை வோணுமாடா?”

சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அதை என்னால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்: “பொய்யின்னு அவனே ஒத்துகினான்! இன்னும் இன்னாத்துக்குடா அவனுக்கு மைக்கு? எறக்குங்கடா!”

முதல் பிடி மணலும் என் கையிலிருந்துதான் போனது. பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. வாய்க்குள் போன மணலைத் துப்பிக்கொண்டே, அந்தப் பெண் என்ன பேசுகிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நடேசன் வந்து ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. “டேய் தசரதா, எறங்குடா!” என்றார் மில் மேஸ்திரி. லீலா தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடித்தார். “வாய்யா வூட்டுக்கு. இத்தினி பேரு எதுக்க உனுக்கு இது தேவையா?”

அடுத்த வாரம் நடேசன் என்னைக் கூப்பிட்டார். “நல்லா கத்துறடா. நீயே பேசு.”

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். செத்தவர்கள் எல்லோரும் அடுத்த பாகத்தில் எழுந்து வருவார்கள் என்று சொன்னேன். விசில் பறந்தது. ஒருநாள் மில் வாசலில் தசரதன் எதிரே வந்தார். முதுகு மூட்டையை இறக்காமலே சொன்னார்: “படத்து சத்தம் வூடு வரிக்கும் கேக்குது. நேத்து பொண்டாட்டின்னு சொன்னியே, அது அவன் அம்மாப்பா.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நான்கு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். ஊரில் இன்னும் அந்தப் படத்தைக் குப்பை என்கிறார்கள், தசரதனைப் பொய்யன் என்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னால் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிப்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். அந்தப் படம் நல்ல படம், தசரதன் அன்றைக்குச் சொன்னது சரியான கதை. முதல் மணலை எறிந்தவன் பெயர் இனியவன் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.