மாடு பேசக் கூடாது

பால் கம்பெனியில் எனக்கு முதலில் கிடைத்தது டெப்போ வேலை. விடியற்காலையில் வேனில் வரும் டிரேக்களை இறக்கி, கடைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு காலாப்பட்டில் சொந்தமாக மாடு வைத்திருந்தேன். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்புகிற அந்த நோய் பரவிய மழைக்காலத்தில் கறவையில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. மிச்சமிருந்த கிடேரியை விற்றுவிட்டுத்தான் டெப்போவில் சேர்ந்தேன். மாடு வளர்த்ததன் அடையாளம் என்று என்னிடம் இருந்தது வலது முழங்கால் மட்டும்தான். ஒருநாள் கறக்கும்போது மாடு உதைத்ததில் சில்லு நகர்ந்துபோய், அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி வீசித்தான் நடப்பேன்.

கம்பெனியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் மக்கள் கூடுகிற இடங்களுக்கும் போய்ப் பாலைப் பற்றியும் மாடு வளர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு இளம் பெண் அதிகாரி வந்திருந்தார். மாடு வளர்த்த அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று அவர் டெப்போவில் கேட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன். அன்று ராத்திரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். பிள்ளைகளிடம் என்னென்ன சொல்லலாம் என்று படுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மேடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து கறுப்பு வெள்ளைத் துணியை உருவி எடுத்தார். மாட்டு வேஷம். தலை தனியாக இருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா போதும்" என்றார்.

"பேசறதுக்குன்னு சொன்னாங்களே மேடம்."

"நீங்க பேசினா பசங்க தூங்கிடுவாங்க. அதை நான் பாத்துக்கறேன். மாடு பேசக் கூடாது. பசங்க முன்னாடி தலையைக் கழட்டவும் கூடாது. நான் மைக்கை நீட்டினா 'ம்மா'ன்னு ஒரு சத்தம் மட்டும் குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஃபேனை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

வேஷத்தின் வயிற்றில் ரோஸ் நிற ரப்பரில் ஒரு மடி தைத்திருந்தது. உள்ளே ஒரு பை. அதில் பால் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டால், காம்பைப் பிடித்து இழுக்கும்போது வெள்ளையாகப் பீய்ச்சும். பிள்ளைகள் வரிசையில் வந்து என் வயிற்றில் பால் கறப்பார்கள். மாட்டின் வாயில் இருந்த சல்லடைத் துணி வழியாகத்தான் எனக்கு வெளியே தெரியும், மூச்சும் அதன் வழியாகத்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தால் பயமாக இருக்கும். உள்ளே இருப்பது ஒரு ஆள் என்று தெரிந்ததும் பயம் போய்விடும். அந்த ஆள் திருப்பி அடிக்க மாட்டான் என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். வாலைப் பிடித்து இழுப்பார்கள். பென்சிலால் பின்பக்கம் குத்துவார்கள். ஓடிவந்து வயிற்றில் குத்துவார்கள், காலில் உதைத்துவிட்டு ஓடுவார்கள். டீச்சர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பார்கள். நிஜ மாட்டிடம் இப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டார்கள். அது உதைக்கும்.

என் மகள் அப்போது டவுனில் சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்ட்டில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மாதா கோயில் சாமியார் சொல்லித்தான் அங்கே இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்ட நான்தான் போய்வருவேன். நான் வேஷம் போடுவது என் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. "அப்பா இப்ப ஸ்கூல் ஸ்கூலா போய் கிளாஸ் எடுக்கறாரு" என்று மனைவி அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். மகள் அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அந்தக் கான்வென்ட்டிலேயே ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அதற்கு முதல்நாள் பெரிய மார்க்கெட்டில் நிகழ்ச்சி. மீன் பக்கம் என்னை நிற்கவைத்துவிட்டு மேடம் துண்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிற ஒருவர் பீடியை என் வாலில் வைத்து அணைத்தார். சூடு பட்டு நான் துள்ளியதும் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா மட்டும், "உள்ள இருக்கிறவன் வெந்து சாவப் போறான், உடுங்கடா" என்று அதட்டினார். பிறகு, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, மீன் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை மொண்டு என் தலையோடு ஊற்றிவிட்டார். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கவுச்சி வேஷத்துக்குள் அடைத்திருந்த பஞ்சில் இறங்கிவிட்டது. வேஷத்தை அலச நேரமும் இல்லை.

கான்வென்ட் நிகழ்ச்சி என்று தெரிந்ததுமே மேடத்திடம் கேட்டுப் பார்த்திருந்தேன்.

"மேடம், அது என் பொண்ணு படிக்கிற ஸ்கூல். அன்னைக்கு மட்டும் வேற யாரையாவது போடுங்க."

"இந்த டிரெஸ் உங்க அளவுக்குத்தான் சரியா இருக்கு. மூஞ்சியே தெரியாது. அப்புறம் என்ன?"

கான்வென்ட் நிகழ்ச்சி அன்று காலையில், அப்பா விழுப்புரத்துக்குப் போயிருக்கிறார் என்று மகளிடம் சொல்லும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கான்வென்ட் முற்றத்தில் வாதாங்கொட்டை மரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். சிஸ்டர்களுக்குத் தலைவியான மதர் முன்னால் நாற்காலியில் இருந்தார். பால் எங்கேயிருந்து வருகிறது என்று மேடம் மைக்கில் கேட்டார். "பாக்கெட்" என்று ஒரு கூட்டமே கத்தியது. மேடம் கையசைத்ததும் திரைக்குப் பின்னாலிருந்து நான் நடந்து வந்தேன். முதல் வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாடு கவுச்சி நாத்தம் நாறுதுடி" என்று ஒருத்தி சொன்னாள். மதரும் சிரித்தார்.

அடுத்த குரல் இரண்டாவது வரிசையிலிருந்து வந்தது. உயரமான ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "ஏய், இது உங்கப்பா மாதிரியே நடக்குதுடி" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் என் மகள்.

"போடி. எங்கப்பா கிளாஸ் எடுக்கறாரு."

"இது உங்கப்பா கம்பெனிதான? அப்ப ஏன் வரல?"

"விழுப்புரம் போயிருக்காரு" என்றாள். தடுமாறாமல் சொன்னாள். அவள் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

நான் காலை வீசாமல் நடக்கப் பார்த்தேன். அதனால் இன்னும் அதிகமாக நொண்டினேன்.

யார் வந்து பால் கறக்கப் போகிறீர்கள் என்று மேடம் கேட்டார். அந்த உயரமான பெண் என் மகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். மேடம் கூப்பிட்டார். மகள் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு மாடுகளில் பழகிய கை. காம்பை அழுத்தியதும் வெள்ளைத் தண்ணீர் நேராக வாளியில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சூப்பர். இப்ப மாடு என்ன சொல்லுது?" என்று மேடம் மைக்கை என் வாயருகே நீட்டினார்.

மற்ற பள்ளிகளில் பஸ் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் கொடுப்பேன். அன்று "ம்மா" என்று மெதுவாகத்தான் வந்தது. வீட்டில் நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். வேலை முடிந்து வந்து வாசலில் நின்று "ம்மா" என்றால் அவள்தான் வந்து தாழ்ப்பாளைத் திறப்பாள்.

அவள் கை நின்றது. தலையை நிமிர்த்திச் சல்லடைத் துணியை நேராகப் பார்த்தாள். எங்கள் முகங்களுக்கு நடுவில் அந்தத் துணி மட்டும்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

பின்னாலிருந்து அந்த உயரமான பெண், "இன்னாடி, உங்கப்பா உன்னக் கூப்புடறாரா?" என்று கேட்டாள். அந்த வரிசையே சிரித்தது.

என் மகள் எழுந்தாள். ரப்பர் மடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்தது, உள்ளே பை கிழிந்தது, அத்தனை தண்ணீரும் என் தொடை வழியாக இறங்கிக் காலடியில் தேங்கியது. மாடு மூத்திரம் போய்விட்டது என்று யாரோ கத்த, முற்றமே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு என்னை உதைத்தாள். எந்த முழங்கால் என்று அவளுக்குத் தெரியும். அதே முழங்காலில் உதைத்தாள்.

விழுந்துவிட்டேன். விழும்போது இரண்டு கைகளாலும் மாட்டுத் தலையைத்தான் பிடித்துக்கொண்டேன். அது கழன்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டதால் உடம்பை மறைக்கக் கை இல்லை. மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து உதைத்தார்கள். "போதும், போதும், மாடு பாவம்" என்று மேடம் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் விளையாட்டு என்றே அவர் நினைத்தார். பி.டி. டீச்சர் விசில் ஊதிய பிறகுதான் விட்டார்கள்.

"பிள்ளைங்க இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல" என்று மதர் மேடத்தின் கையைப் பிடித்துச் சொன்னார்.

வேனில் ஏறித் தலையைக் கழற்றினேன். மேடம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் நல்லா பண்ணீங்க. விழுந்தீங்க பாருங்க, அது சூப்பர். எல்லா இடத்துலயும் அப்படியே பண்ணுங்க. மடியை மட்டும் தைச்சு எடுத்துட்டு வந்துடுங்க."

சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து என் மனைவி மடியைத் தைத்தாள். முழங்கால் வீங்கிப்போய் நான் சுவரில் சாய்ந்திருந்தேன்.

"எவ பெத்த பொண்ணுங்க இது? மாட்டக்கூட இப்படிப் பண்ண மாட்டாங்க. இதப் பிச்சவ கை அழுவிப் போவ."

"விடு. சின்னப் பசங்க."

அப்போது தண்ணீர் குடிக்க மகள் உள்ளே வந்தாள். மனைவி அவசரமாக வேஷத்தைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஒளிக்காத. எனக்குத் தெரியும்" என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "தெரியுமா? அப்ப நீயும் அங்க இருந்தியா? எவடி இப்படிப் பண்ணவ? உன் கிளாஸா?"

மகள் சொம்பை எடுத்து, தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, "நான்தான்" என்றாள்.

மனைவி எழுந்து கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். நான் எழுந்து தடுப்பதற்குக் கால் ஒத்துழைக்கவில்லை. மகள் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீ ஏம்ப்பா சத்தம் குடுத்த? கம்முனு இருந்திருந்தா எனக்கு யாருன்னே தெரிஞ்சிருக்காது."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுவரை எத்தனையோ பிள்ளைகள் தெரியாமல் உதைத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். தெரிந்து உதைக்கவேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது என் வாய்தான் என்று அவள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு பள்ளியில் அவளுக்கு மதிப்பு வந்துவிட்டது. மாட்டை உதைத்தவள் என்று பெரிய வகுப்புப் பெண்கள்கூட வந்து பேசினார்களாம். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தவளை அந்த உயரமான பெண் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். என் மகள் வீட்டில் இதையெல்லாம் சொல்லவில்லை. பஸ்ஸில் கூட வரும் பிள்ளைகள் சொல்லி என் மனைவிக்குத் தெரியவந்தது.

அவள் பிறந்தநாளுக்கு அந்தப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அன்று சாயங்காலம் நான் வீட்டில் இருக்க வேண்டாம் என்று அவள் அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினாள். ஈசிஆர் ரோட்டில் யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். சென்னை பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டின பிறகு, போயிருப்பார்கள் என்று நினைத்து வீட்டுக்கு வந்தால், வாசலில் காருக்காகக் காத்துக்கொண்டு எல்லோரும் நின்றிருந்தார்கள். திரும்பிப் போகவும் முடியவில்லை.

"வணக்கம் அங்கிள்" என்றாள் உயரமான பெண். "கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?" என்று என் மகள் குறுக்கே விழுந்து கேட்டாள்.

"போடி" என்றாள் அவள், விரலில் ஒட்டியிருந்த கேக் கிரீமை நக்கிக்கொண்டே. "எங்களுக்கு அன்னைக்கே தெரியும். அங்கிள் நடந்து வந்ததுமே கண்டுபுடிச்சிட்டோம். நீ உதைப்பியா மாட்டியான்னு பந்தயம் கட்டிக்கிட்டோம். எல்லாரும் மாட்டன்னு சொன்னாளுங்க. நான் ஒருத்திதான் உதைப்பன்னு சொன்னேன்."

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னாள். மற்றவர்களும் பழைய வேடிக்கையை நினைத்துச் சிரித்தார்கள். அதற்குள் கார் வந்தது. "பை அங்கிள்" என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டு ஏறினாள்.

மகள் உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் ஒட்டியிருந்த கலர் பேப்பர்களைக் கிழிக்க ஆரம்பித்தாள். ஸ்டூல் ஆடியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கீழே பார்க்காமலே, "அடுத்த வருஷம் என்ன வேற ஸ்கூல்ல சேத்துடறியாப்பா?" என்று கேட்டாள்.

"சாமியார் கிட்ட அவ்ளோ கெஞ்சி வாங்குன சீட்டு" என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பன்னிரண்டாவது வரை அங்கேயேதான் படித்தாள், அதே பெண்களோடு. நானும் இன்னும் சில வருஷம் மாடாக நின்று, முழங்கால் மடங்காமல் போன பிறகு டெப்போவுக்கே திரும்பினேன். மகள் இப்போது காலாப்பட்டில் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். அந்த உயரமான பெண்தான் இன்றைக்கும் அவளுக்கு நெருங்கிய தோழி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அடிக்கடி வீட்டுக்கு வருவாள். நல்ல பெண். என் மனைவி அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள். நான் அந்த நேரத்தில் கூடத்தைத் தாண்டி நடந்து போக வேண்டியிருந்தால், அவர்கள் பேச்சு முடிகிறவரை அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.