விதை நெல்லும் முன்பல்லும்

எனக்குப் பொறுமை என்பது எந்தக் காலத்திலும் கிடையாது. நாற்றங்காலில் விதை தெளித்த மறுநாளே முளை விட்டதா என்று குனிந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு, மகளின் மேல் முன்பல் விழுந்து ஒன்றரை வருஷமாகியும் புதுப்பல் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? பக்கத்துப் பல் எப்போதோ முளைத்துவிட்டது. இதற்கு மட்டும் என்ன கேடு?

அவளுக்கு ஒன்பது வயது. குத்தாலம் பக்கம் எங்கள் தெருவில் அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். வகுப்பில் யாரோ 'பொக்கை' என்று கூப்பிட்டார்களாம். அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு அதுவும் நின்றது. அந்தச் சிரிப்பு இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் பக்கம் பல் முளைக்கத் தாமதமானால் நெல்மணியின் முனையால் ஈறை லேசாகக் கீறிவிடுவார்கள். ஏதாவது ஒரு நெல் போதும். நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே! முளைக்கிற வேலைக்கு விதை நெல்தான் சரி என்று புது மூட்டையைப் பிரித்து, நல்ல மணியாகப் பொறுக்கிக் கீறினேன். இரண்டாம் நாள் ஈறு வீங்கிவிட்டது. என் மனைவி திட்டிய திட்டை எழுத முடியாது.

மயிலாடுதுறையில் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "என்னங்க பண்ணீங்க?" என்றார். மகள் போட்டுக்கொடுத்தாள்.

"அப்பா விதை நெல்லால கீறுனாங்க."

"பூச்சி மருந்து தடவின நெல்லா?"

"இல்லைங்க, சும்மா நெல்லுதான்" என்றேன். தடவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

எக்ஸ்ரேயில் பல் பத்திரமாக உள்ளேயே இருந்தது. அதன் வழியில் சின்னதாக ஓர் அதிகப்படிப் பல் குறுக்கே கிடந்தது.

"இதை எடுத்துட்டா பெரும்பாலும் தானா இறங்கிடும். மாசக்கணக்காகும். இறங்கலைன்னா கம்பி போட்டு இழுக்கலாம். அதுவரைக்கும் நீங்க கை வைக்காம இருங்க" என்றார்.

மதகில் சிக்கிய கட்டையை எடுப்பது போலத்தான் என்று புரிந்தது. எடுத்தார்கள். ஈறும் ஆறியது. தினமும் காலையில் டார்ச்சோடு போய் நிற்பேன். "போங்கப்பா" என்று வாயை இறுக மூடிக்கொள்வாள்.

நடவு முடிந்த பிறகு ஒரு மாலை, உரம் வராததற்குக் கடைக்காரரைப் போனில் காய்ச்சிக்கொண்டே வரப்பில் நடந்தவன், வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த மகள் வெடித்துச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவே இல்லை. மேல் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அது அவளுக்கே இன்னும் தெரியாது.

"எழுந்திரிங்கப்பா" என்றாள் மூச்சு வாங்க.

"இரும்மா, இன்னும் கொஞ்சம் சிரி" என்று சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன்.