கொசுவுக்குக் கை நீட்டும் நாகமணி

இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் அஞ்சடித் திண்ணையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாகமணி கொசுவுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பொழுது சாய்கிறது. ஒன்று வந்து உட்காருகிறது. அவள் அசைவதில்லை. அது காலை ஊன்றி, குத்தலாமா என்று யோசிக்கும் நேரத்தில், வாயில் கவ்விய ரப்பர்க் குழாயை ஓர் இழுப்பு இழுக்கிறாள். கொசு மறுமுனையில் மாட்டிய கண்ணாடிக் குழலுக்குள் போய்விடுகிறது. குழலின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டுகிறாள்.

"நம்ம ஆளுங்க சுருட்டு இழுக்கிறானுங்க, இது கொசுவ இழுக்குது" என்பார் எதிர்வீட்டு அப்பளசாமி. தோட்டத்து லோரி ஓட்டுபவர். அபிப்பிராயம் சொல்லாமல் அவரால் கியர்கூடப் போட முடியாது.

நாகமணி விலங்கியலில் எம்.எஸ்ஸி. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைப் பற்றி ஆராய்ந்து வாங்கிய பட்டம். மலேசியாவில், அசாம் ஜாவா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்தில் முதல் எம்.எஸ்ஸி அவள்தான். நோய்த்தடுப்புப் பிரிவு ஒன்றில் தற்காலிக வேலை. ஊர் உலகம் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும். அதே படகில் இவள் கொசு பார்க்க ஏறுவாள். கைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போனாலும் போவாள், குழல் இல்லாமல் போகமாட்டாள். அவள் ஒரு கொசுவை அடித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் யாராவது கையை ஓங்கினால், "அடிக்காதீங்க! எந்த ஜாதின்னு பாத்துடுறேன்!" என்று பாய்வாள். ஜாதி பார்க்கக் கூடாது என்று மேடையில் பேசுகிறவளும் அவளே.

இவ்வளவு கொசுப் பாசம் உள்ளவளுக்கு ஆசை மட்டும் டாக்டராவதில். ஐந்தாம் வகுப்பில் அப்பாவின் வீங்கிய காலைப் பார்த்துப் பிடித்த ஆசை. இந்தியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில், மலேசியத் தோட்டத்துப் பிள்ளைக்கென்று ஓர் அறவாரியம் ஆண்டுக்கு ஒரே ஓர் இலவச இடம் வைத்திருக்கிறது. நேர்முகம் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில். பி.எஸ்ஸியோடு முதல் தடவை போனபோது, "இன்னும் கொஞ்சம் தகுதியோட வாம்மா" என்றார்கள். எம்.எஸ்ஸியோடு சென்ற ஆண்டு போனாள். "இவ்வளவு படிச்சாச்சே, இன்னொருத்தர் இடத்தை எதுக்கும்மா கேக்கறே?" என்றார்கள். குறைச்சலுக்கும் அதிகத்துக்கும் நடுவில் ஒரு படிப்பு இருக்க வேண்டும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தருவதில்லை.

முப்பது வயது நிறைந்தால் விண்ணப்பிக்க முடியாது. வருகிற சித்திரையில் அவளுக்கு முப்பது. அதனால் இந்த ஆண்டு நேர்முகம் நாகமணியின் சொந்த விஷயமாக இல்லாமல் தோட்டத்து விஷயமாகிவிட்டது. எம்.எஸ்ஸியைச் சொல்வதா, மறைப்பதா? அஞ்சடியில் கோப்பி ஆறும்வரை விவாதம் நடந்தது.

ஆட்களை மேய்க்கும் கங்காணியான தாய்மாமன் செல்லன் மண்டோர் மறைக்கிற கட்சி. "மண்டோரா இருந்தவன் திரும்ப வெட்டு வேலைக்கு வர்றேன்னா துரை எடுப்பானா? மாட்டான். மேல இருந்து எறங்கி வர்றவன் கேள்வி கேப்பான்னு பயம். அதே கதைதான் இங்கயும். அமுக்கிடு புள்ள."

"என்னா மண்டோரே பேசுற?" என்றார் அப்பளசாமி. "லோரி லைசன்ஸ் வச்சிருக்கறவனுக்குக் காரு ஓட்டத் தெரியாதா? பெரிய லைசன்ஸ் இருந்தா சின்னது கூடவே வரும்லா!"

"நீ காரு ஓட்டுன லட்சணத்தத்தான் செகிஞ்சான் வயல்ல பாத்தமே. நாத்துக்கு நடுவுல நின்னுச்சு."

அம்மா வேலம்மா ரப்பர்மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்தவர். தீர்ப்பு அவருடையது. "அவங்க கேட்டா சொல்லு. கேக்காட்டி வாயத் தொறக்காத." நாகமணி தலையாட்டினாள். விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

புறப்பட்ட அன்று லோரிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் போதுமான ஆதாரம் இல்ல" என்பாள். ஆனால் வைத்த பழம் சக்கரத்துக்குச் சரியாக நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தவள் அவள்தான்.

அடுத்து நடந்ததை, கேட்கிறவர்களுக்கெல்லாம் முக்காலியை நாற்காலியாக்கி நடித்தே காட்டுவாள். எதிரே தேர்வுக் குழுவினர் மூன்று பேர். தலைவர் மதராஸ்காரர், சென்ற ஆண்டு வேண்டாமென்றவரே. ஆளை அவருக்கு நினைவில்லை, அவரை இவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கேள்விகள் சுமுகமாகப் போயின. எம்.எஸ்ஸி வாய்க்குள்ளேயே இருந்தது. அப்போது தலைவரின் மணிக்கட்டில், காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசு ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் மறு கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க சார்!"

மூன்று பேரும் உறைந்துபோனார்கள். இவள் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கைப்பையிலிருந்து குழலை எடுத்து, ஒரே இழுப்பு. குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது டிங்கிக் காய்ச்சல் கொசு சார். ரொம்ப தூரம் பறக்காது. இந்த ரூம்லயே பொறந்திருக்கும்." பார்வை மேசை நடுவிலிருந்த பூ ஜாடிக்குப் போனது. பூவைக் கொத்தாகத் தூக்கினாள். கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் புழுக்கள் கூத்தடித்துக்கொண்டிருந்தன. ஓர் உறுப்பினர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

கேட்டுவிட்டார்கள். அம்மாவின் தீர்ப்புப்படி சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னாள்.

"இதை ஏம்மா மறைச்சே?"

"போன வருஷம் அதிகமாயிருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "எம்.எஸ்ஸிக்கு எங்க விதியில மார்க் கிடையாது. தெரியுமா? பதினேழு வயசுப் பசங்களோட முதல் வருஷத்துல உட்காரணும். தவளையிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"தவளையும் என்னாட்டம் கொசு புடிக்கும் சார். எனக்கு ரொம்ப வேண்டியவங்க."

சிரித்தார்களா என்பதில் மட்டும் அவளுக்கு உறுதியில்லை. "ஒருத்தர் இருமினார். அத சிரிப்புன்னு எடுத்துக்க முடியாது" என்பாள். ஆராய்ச்சி செய்தவர்களோடு இதுதான் தொல்லை.

முடிவைத் தோட்டத்து ஆபீஸுக்குப் போன் செய்து சொல்வார்கள் என்று ஏற்பாடு. காத்திருந்த நாட்களில் அவள் காலையில் கிடைக்கும் என்றாள், மாலையில் கிடைக்காது என்றாள், இரண்டுக்கும் காரணம் அதே எம்.எஸ்ஸி. செல்லன் மண்டோர் ஆபீஸ் ஜன்னல் பக்கமாகவே ஆட்களுக்கு வேலை பிரித்தார். அப்பளசாமி லோரியை அங்கேயே நிறுத்தி, கெடாத இஞ்சினைப் பழுது பார்த்தார்.

நேற்று சாயங்காலம் கிராணி ஹியூபர்ட் சைக்கிளில் வந்தார். ஆபீஸ் கணக்கர், சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டுதான் தும்மக்கூடச் செய்வார். அவர் மணியடித்தபடி, ஒரு காலில் செருப்பில்லாமல், லயத்து மண்பாதையில் கத்திக்கொண்டு வந்தார்.

"கெடச்சிருச்சு! நாகமணி, கெடச்சிருச்சு!"

வேலம்மா கையில் அரிசியோடு ஓடிவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகள் தலையிலேயே கொட்டினார். அப்பளசாமி லோரி ஹாரனை அழுத்தினார்; அது சிக்கிக்கொண்டு நிற்கவேயில்லை. அந்த இரைச்சலுக்குள் ஹியூபர்ட் மீதியைக் கத்தினார்: "எம்.எஸ்ஸிக்கு மார்க் போடலயாம்! பூ ஜாடிக்குத்தான் போட்டாங்களாம்!"

"பாத்தியா? மறைச்சதாலதான் கெடச்சுது" என்றார் செல்லன் மண்டோர்.

"மண்டோரே, வெளிய வந்ததாலதான்லா கெடச்சுது!"

"மறைக்காம எப்படிய்யா வெளிய வரும்?"

இது இன்னும் ஆறு வருஷத்துக்கு ஓடும். நாகமணி சிரித்துக்கொண்டே, தலைமுடியில் அரிசியோடு, வழக்கமான முக்காலியில் போய் உட்கார்ந்தாள். கை தானாக நீண்டது. ஒன்று வந்து முழங்கைக்குக் கீழே உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

பட்டென்று ஓர் அடி.

ஹாரன் அப்போதுதான் ஓய்ந்திருந்ததால் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "யம்மா, டாக்டரு அடிச்சிருச்சுடோய்!" என்று அப்பளசாமி கூவினார், லயமே கைதட்டியது. நாகமணியும் தட்டினாள். பிறகு எல்லோரும் கோப்பிக்குத் திரும்பியதும், உள்ளங்கையை விளக்குக்குக் காட்டி, ஒட்டியிருந்ததை நகநுனியால் பதமாக எடுத்துக் குழலுக்குள் போட்டு, பஞ்சை அடைத்தாள்.